கன்று இல்லாமல் வந்த மாடு

ஒச்சம்மா கோபக்காரி என்று நிக்கோபார்த் தீவின் கேம்பல் பே ஊர் முழுக்கத் தெரியும். ராஷன் கடை வரிசையில் யாராவது இடையில் நுழைந்தால் அவள் போடுகிற சத்தம் கப்பல் நிற்கிற ஜெட்டி வரைக்கும் கேட்கும். தமிழில் ஆரம்பித்து, கோபம் ஏற ஏற இந்திக்கு மாறி, அதுவும் போதாமல் மறுபடி உசிலம்பட்டித் தமிழுக்கே வந்துவிடுவாள். ஆனால் சுனாமிக்கு முந்தி அவளைப் பார்த்தவர்களுக்கு அவள் பால்கார ஒச்சம்மா. சிரித்த முகம். அளந்து ஊற்றியபிறகும் பிள்ளைக்காரிகளுக்கு ஒரு கை கூட ஊற்றுகிறவள்.

புருஷன் நல்லதம்பி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். முன்னாள் ராணுவத்தாருக்குக் கிரேட் நிக்கோபாரில் நிலம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எழுபத்தாறில் ஒச்சம்மாவையும் கைக்குழந்தை சித்ராவையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். பஞ்சாபிகள், மராட்டியர்கள், மலையாளிகள், தமிழர்கள் என்று எல்லோருக்கும் கடலோரச் சாலையை ஒட்டி நிலம் அளந்து கொடுத்தார்கள். ஒச்சம்மா இருந்த இடத்தைப் பதினாறாவது கிலோமீட்டர் என்றே எல்லோரும் சொன்னார்கள். காட்டைத் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். மாடு வாங்கினார்கள். சித்ரா வளர்ந்து மதுரையில் வாக்கப்பட்டுப் போனாள். மாடுகள் நான்காயின.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஒச்சம்மா இரண்டாவது மாட்டைக் கறந்துகொண்டிருந்தாள். மாடு திடீரென்று காலைத் தூக்கி உதறியது. பாம்பு என்று நினைத்து எழுந்தவளைத் தரை கீழே தள்ளியது. நிலநடுக்கம் நின்றதா நிற்கவில்லையா என்று தெரிவதற்குள், தோப்பின் அந்தப் பக்கமிருந்து நல்லதம்பி ஓடிவந்தார்.

"ஏ ஒச்சு! கடல் உள்வாங்குது! மேட்டுக்கு ஓடு!"

"மாட்ட அவுத்துட்டு வாரேன்!"

நான்கு மாடும் நான்கு கட்டுத்தறியில் நைலான் கயிற்றில் கட்டிக் கிடந்தன. மிரண்டு இழுத்த இழுப்பில் முடிச்சுகள் கல்லாக இறுகிப் போயிருந்தன. முதல் முடிச்சில் நகம் பிய்ந்தது. அரிவாள் வீட்டுக்குள் இருந்தது. வீடு பத்துத் தப்படித் தூரம். அதற்குள் நல்லதம்பி அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார். அவர் முதுகை அவள் கடித்தாள். மேட்டுக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது தோப்புக்குள் தண்ணீர் நின்றது. மாடுகள் கத்துவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இறங்கிப் போனார்கள். வீடு இருந்த இடம் தெரியவில்லை. கொட்டகையின் கூரையும் சுவரும் போய்விட்டன. கட்டுத்தறி நான்கும் மட்டும் நின்றன. நல்ல காட்டுமரம், மூன்றடி ஆழத்துக்கு நல்லதம்பி தன் கையால் தோண்டி ஊன்றியவை. ஒவ்வொன்றிலும் கயிறு இருந்தது, கயிற்றின் நுனியில் மாடு இருந்தது. பக்கத்து நிலத்து ஹர்பஜன் கௌருக்கு ஒரு கிடேரி உண்டு. அடங்காத கிடேரி, அதைக் கட்டுவதே இல்லை. அது மேட்டில் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"கடலு கொல்லல," என்றாள் ஒச்சம்மா. "கயித்த நீளமா விட்டிருந்தாக்கூட நீந்தியிருக்கும். நாந்தான் கொன்னேன்."

நல்லதம்பி கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்களைக் கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய், சில மாதம் கழித்துத் திரும்பக் கூட்டிவந்து கேம்பல் பே தகர ஷெல்டரில் வைத்தார்கள். வெயில் ஏறினால் உள்ளே உட்கார முடியாது. மழை பெய்தால் பேசினால் கேட்காது. பக்கத்து அறை ஹர்பஜன் கௌருடையது. அவளுடைய மருமகள் அலையில் போய்விட்டாள். கைக்குழந்தையான பேரனை அவள்தான் வளர்த்தாள். ஒருநாள் ஒச்சம்மா மாடுகளைச் சொல்லி அழுதபோது ஹர்பஜன் தகரத்தை ஓங்கித் தட்டினாள்.

"பஸ் கரோ, போதும் ஒச்சம்மா! இங்க மனுஷங்க போயிருக்காங்க. நீ மாட்டுக்கு அழற."

அன்றோடு ஒச்சம்மா அழுவதை விட்டாள். அழாததெல்லாம் உள்ளே கோபமாகச் சேர்ந்தது. யார் மேல் என்று அவளுக்கே புரியவில்லை.

புரிந்தது இரண்டாயிரத்து ஏழில். மெயின்லேண்டிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. மாடு இழந்தவர்களுக்கு மாடு, ஊருக்கு ஒரு பால் சங்கம் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். நிறுவனத்தின் ஆள் ரவிக்குமார் என்கிற சுறுசுறுப்பான மனிதர். பட்டியலில் முதல் பெயரே ஒச்சம்மாதான். இத்தனை வருஷம் மாடு வைத்துக் கறந்தவள் வேறு யார் இருக்கிறார்கள்? ஒச்சம்மாவும் ஆசையாகத்தான் கைநாட்டு வைத்தாள். கப்பல் வருகிற அன்று தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஜெட்டிக்குப் போனாள்.

கப்பலை விட்டு மாடுகள் இறங்குவதற்கு முன்பே சத்தம் கேட்டது. மாடு பசித்தால் ஒரு விதமாகக் கத்தும், தண்ணீர் கேட்டால் ஒரு விதமாகக் கத்தும். இது அது இரண்டும் இல்லை. இருபத்திரண்டு மாடுகளும் அடித்தொண்டையிலிருந்து ஒரே மாதிரி கத்தின. மடி வீங்கிக் காம்புகள் விறைத்து நின்றன. அவளுக்கென்று ஒதுக்கியது ஒரு கறுத்த மாடு. நெற்றியில் வெள்ளை, காதில் பதினாலு என்று மஞ்சள் வில்லை. அது மனிதர்களைப் பார்க்கவே இல்லை. வந்த கப்பலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"கன்னு எங்க?" என்று ஒச்சம்மா கேட்டாள்.

"கன்னெல்லாம் ஏத்தலம்மா," என்றார் ரவிக்குமார். "கப்பல்ல இடம் கம்மி. ரெண்டு கப்பல் மாறணும், கன்னு தாங்காது. நமக்குப் பால்தானே வேணும்?"

"சென்னையில ஏத்துன நாள்லருந்து பதிமூணு நாளாச்சு. அதுவரைக்கும் கறந்தது?"

"கறந்து கடல்ல ஊத்தச் சொன்னோம். வேற என்ன பண்றது?"

"கன்னு அங்க என்னத்தக் குடிக்குது?"

ரவிக்குமார் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்கத் திரும்பிக்கொண்டார்.

மாடுகள் யாரையும் காம்பில் கைவைக்க விடவில்லை. அப்போது கூட வந்த மாட்டுக்காரர் ஒரு சாக்கை அவிழ்த்தார். உள்ளே மூன்று வைக்கோல் கன்றுகள். தோலை உரித்து, உப்புத் தடவி, வைக்கோல் திணித்துத் தைத்தவை. கண்ணிருந்த இடத்தில் ஓட்டை. கால்களுக்குப் பதில் குச்சி. அதில் ஒன்றைக் கொண்டுபோய்க் கறுத்த மாட்டின் முன்னால் நிறுத்தினார். மாடு கத்துவதை நிறுத்தியது. மோந்து பார்த்தது. பிறகு மெல்ல நக்க ஆரம்பித்தது. மடி சுரந்தது. வாளியில் பால் விழும் சத்தம் கேட்டதும் ஜெட்டியில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

ஒச்சம்மாவுக்கு அந்த வித்தை புதிதில்லை. அவளே செய்திருக்கிறாள். பதினாறாவது கிலோமீட்டரில் ஒரு கன்று காய்ச்சலில் செத்தபோது, ஆள் வைத்து உரித்துத் தன் கையால் வைக்கோல் திணித்தாள். எட்டு மாதம் அதைத் தாய்க்கு முன்னால் நிறுத்திக் கறந்தாள். நக்கி நக்கித் தோலில் மயிர் முழுக்க உதிர்ந்துபோயிற்று. 'வைக்கோல்னுகூடத் தெரியல, அறிவு கெட்ட மாடு' என்று சொல்லிச் சிரித்தாள். காளங்கன்று பிறந்தால் ஓட்டிப் போக ஆள் வரும். எங்கே கொண்டுபோகிறாய் என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

ஒச்சம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், அந்த வைக்கோல் கன்றைக் கழுத்தோடு தூக்கி, ஜெட்டி விளிம்புக்குப் போய்க் கடலில் வீசினாள். மற்ற இரண்டையும் எடுக்கத் திரும்பியவளை நான்கு பேர் பிடித்தார்கள்.

"இதுக்குத் தெரியாதுன்னாடா நெனைக்கிறீங்க?" என்று கத்தினாள். "அதுக்குத் தெரியும்டா! நக்குறதுக்கு வேற எதுவுமில்லன்னு நக்குது!"

"அம்மா, அது ஆபீஸ் சாமான்," என்றார் ரவிக்குமார்.

"அது ஒருத்தி பெத்த புள்ளைடா!"

நல்லதம்பிக்கு மானம் போய்விட்டது. பட்டாளத்தில் இருந்தவர், நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவர். மாட்டைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். ஒச்சம்மா பின்னால் வந்தாள். ஷெல்டருக்குப் போனதும் முதல் வேலையாக மாட்டின் கழுத்துக் கயிற்றை அரிவாளால் அறுத்தாள்.

கேம்பல் பேயில் அப்போது கால்நடை டாக்டராக இருந்தவள் சுபிதா. குளச்சல் பக்கத்துக் குடும்பம், போர்ட் பிளேரில் வளர்ந்தவள். ஒச்சம்மா அவளைக் கூப்பிட்டுக் காது வில்லையைக் கழற்றச் சொன்னாள். பிறகு, "இனிமே இவளக் கறக்க மாட்டேன்," என்றாள்.

"திடீர்னு நிறுத்துனா மடி பழுத்துரும்மா. வலி தாங்காது. நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சு வத்த விடணும்."

அப்படியே செய்தாள். வலி தீருகிற அளவுக்குக் கறந்து மண்ணில் ஊற்றினாள். முதல் நாள் ஊற்றும்போதே ஹர்பஜன் கௌர் வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"பாகல் ஹோ கயீ க்யா? பைத்தியமா உனக்கு? என் பேரன் பவுடரைக் கரைச்சுக் குடிக்கறான். நீ பாலை மண்ணுல ஊத்தறியா?"

ஒச்சம்மா எதிர்த்துக் கத்தப் போனாள். ஹர்பஜனின் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். மீதிப் பாலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துட்டுப் போ. அந்தக் கன்னுக்கு வரவேண்டியது, உன் பேரனுக்காவது போகட்டும். வத்துற வரைக்குந்தான். நாளைக்குச் சினை ஊசி போட்டு மறுபடியும் கறன்னு எங்கிட்ட வந்து நிக்காத."

"நீ மட்டும் குடிக்க மாட்டியா?"

"என் தொண்டையில எறங்காது."

இறங்கவில்லைதான். பால் போயிற்று, தயிர் போயிற்று, நெய் போயிற்று. ஒரு நாள் மீன்காரர் வலையோடு போவதைப் பார்த்து நின்றவள், வீட்டுக்கு வந்து மீன் சட்டியைத் துலக்கிக் கவிழ்த்தாள். "அதுவும் கயிறுதான். பின்னி வச்சிருக்கான், அவ்வளவுதான்," என்றாள். நல்லதம்பி மூன்று வேளையும் கருவாடு கேட்கிற மனிதர். தேங்காய்ப்பால் குழம்பும் அப்பளமும் மரவள்ளியுமாகத் தட்டைப் பார்த்து ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஜெட்டிப் பக்கத்து ஹோட்டலில் மதியச் சாப்பாடு வைத்துக்கொண்டார்.

"இதுக்கு ஒரு பேரு இருக்கும்மா," என்று சுபிதா ஒருநாள் சொன்னாள். "வீகன்."

"மருந்துக்கடை டானிக் பேரு மாதிரி இருக்கு," என்றாள் ஒச்சம்மா. "எனக்கு வியாதி ஒண்ணுமில்ல."

எட்டு மாதம் கழித்து ரவிக்குமார் பதிவேட்டோடு வந்தார். பால் சங்கத்துக்கு ஒச்சம்மா வீட்டிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. மாடு வற்றி நிற்கிறது. சினை ஊசியும் போடவில்லை. கூட இரண்டு ஆள், ஒரு டெம்போ. நல்லதம்பி நாற்காலி எடுத்துப் போட்டார். ரவிக்குமார் உட்காரவில்லை.

"பயனாளியாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா. கறக்கணும், சினைக்கு விடணும், முதல் கிடேரிக் கன்னை நிறுவனத்துக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"கையெழுத்தில்ல, கைநாட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுச் சொன்னது நீதான். கன்னப் பிரிச்சுட்டுத்தான் கொண்டாருவோம்னு அதுல எழுதியிருந்துச்சா? ஏன் அத மட்டும் படிக்கல?"

"உலகம் பூரா இப்படித்தாம்மா நடக்குது. நீங்களே எத்தனை வருஷம் கறந்திருக்கீங்க?"

"ஆமா, கறந்தேன். உன்னவிட மோசமாக் கறந்தேன். அந்தத் தப்புக்கு நாலு கட்டுத்தறியில பதில் கெடச்சுச்சு. உனக்கு இன்னும் கெடைக்கல."

ரவிக்குமார் குரலைத் தாழ்த்தினார். "சும்மா நிக்கிற மாட்டுக்கு எதுக்கும்மா தீவனம்?"

"எம் புருஷன் முப்பது வருஷமாச் சும்மாதான் நிக்கிறாரு. சர்க்காரு பென்சன் குடுக்கலயா?"

டெம்போ ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ரவிக்குமாருக்கு முகம் சிவந்தது. "மாட்டை ஏத்துங்கப்பா," என்றார். ஒருவர் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்துச் சுருக்குப் போட்டுக்கொண்டு மாட்டை நெருங்கினார்.

ஒச்சம்மா குறுக்கே போனாள். அவர் கையிலிருந்த சுருக்கைப் பிடுங்கித் தன் கழுத்தில் மாட்டினாள். மறு நுனியை ரவிக்குமாரின் கையில் திணித்தாள்.

"இந்தா, பிடி. முதல்ல என்னக் கட்டு. வண்டியில ஏத்து. பதிமூணு நாளு கப்பல்ல கொண்டு போ. எம் மக மதுரையில இருக்கா, அவளப் பாக்க விடாத. அவ தோலுல வைக்கோல அடச்சு எம் முன்னால வச்சுப் பாரு, நான் அழுறனா இல்லையான்னு. கட்டுடா!"

ரவிக்குமார் கயிற்றை உதறப் பார்த்தார். அவள் அவர் கையை விடவில்லை. ஷெல்டரில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். ஹர்பஜன் கௌர் பேரனோடு முன்னால் நின்றாள்.

நல்லதம்பி எழுந்து வந்தார். மனைவியின் கழுத்திலிருந்து சுருக்கைத் தளர்த்தி எடுத்தார். முடிச்சை அவிழ்த்து, கயிற்றை ஒழுங்காகச் சுற்றி, டெம்போவுக்குள் வைத்தார். பிறகு ரவிக்குமாருக்கு முன்னால் விறைப்பாக நின்றார்.

"போங்க, சாப்," என்றார். "மாடு இங்கதான் இருக்கும்."

"நீங்களுமா, சார்?"

"நாந்தான் அன்னைக்குத் தறி ஊனுனது. போங்க."

அவ்வளவுதான் அவர் பேசியது. அதற்கு முன்னும் பின்னும் அவர் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

நிறுவனம் அவர்கள் பெயரை எல்லாப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ஒச்சம்மா பதினாறாவது கிலோமீட்டருக்கே திரும்பினாள். நிலநடுக்கத்தில் தீவே கொஞ்சம் அமிழ்ந்ததில் தோப்பில் பாதிக்கு மேல் கடலுக்குள் இருந்தது. மேட்டுப்பக்கம் மீந்த நிலத்தில் தகரக்கூரை போட்டுக்கொண்டு, கிளுவைப் போத்து நட்டு வேலி வளர்த்தாள். மாடு வேலிக்குள் இஷ்டம்போல் திரிந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. "பேரு வச்சுச் செல்லங் கொஞ்சித்தான் அந்த நாலையும் கட்டிப் போட்டேன்," என்பாள். இவள் என்றால் அந்த மாடு என்று அர்த்தம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவளை நிரந்தரக் கோபக்காரி ஆக்கியது. பால் சங்கம் நன்றாக ஓடியது. மாடுகள் கன்று போட்டன. கிடேரிக்குக் கிராக்கி. காளங்கன்று யாருக்கும் வேண்டாம். தீவில் ஏர் உழ நிலம் ஏது? விற்கவும் மனசில்லாதவர்கள், ஜெட்டியில் அன்று கை தட்டியவர்கள், ஒவ்வொருவராகக் கன்றை ஓட்டிக்கொண்டு பதினாறாவது கிலோமீட்டருக்கு வர ஆரம்பித்தார்கள். உனக்குத்தான் மாடென்றால் உயிராச்சே என்று சொல்லி விட்டுவிட்டுப் போனார்கள்.

இடையில் ஒரு மாடு வாங்கியிருந்த ஹர்பஜன் கௌரே ஒருநாள் வந்தாள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத காளங்கன்று, ஆட்டோவில் அவள் மடியில் படுத்திருந்தது.

ஒச்சம்மா வேலிப் படலைத் திறக்கவில்லை. "நீ பாலக் குடிப்ப. நான் புள்ளைய வளக்கணுமா?"

"வேற எங்க விடறது, பெஹன்? வெட்டற கசாயிக்குக் கொடுக்க மனசு வரலை."

"மனசு வரலைன்னா கறக்காத! மனசு வாராதாம், பாலு மட்டும் வருமாம்! இத்தனை பேரும் பாவத்தத் தூக்கியாந்து என் வாசல்ல போட்டுட்டு, வீட்டுக்குப் போயி டீ ஆத்திக் குடிக்கிறீங்க. நான் என்ன உங்க குப்பைத்தொட்டியா?"

ஹர்பஜன் அழுதாள். கன்று பசியில் அவள் துப்பட்டாவைச் சப்பியது. ஒச்சம்மா நெடுநேரம் திட்டினாள். திட்டி முடித்தபிறகு படலைத் திறந்தாள். கன்றை வாங்கவில்லை.

"இதோட ஆத்தாளையும் கூட்டிட்டு வா. ரெண்டும் சேந்து வந்தா உள்ள விடுவேன். இல்லன்னா ரெண்டையும் நீயே வச்சிரு."

ஹர்பஜன் கன்றோடு திரும்பிப் போனாள். மூன்றாம் நாள் தாயும் கன்றுமாக நடத்திக்கொண்டு வந்தாள். அதோடு அவள் மாடு வைக்கவில்லை. தீவனம் வெட்ட வாரம் இரண்டு நாள் வந்தாள். மற்றவர்கள் அப்படி இல்லை. ஒச்சம்மாவின் நிபந்தனையைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் வழியிலேயே திரும்பிவிட்டார்கள். அந்தக் கன்றுகள் என்ன ஆயின என்று அவளுக்குத் தெரியும். ராஷன் கடையில் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டுக் கன்னு எங்கே என்று கேட்டாள். அதனால் அவள் வருகிற நேரம் தெரிந்து வரிசை கலைவது வழக்கமாயிற்று.

கறுத்த மாடு பதினொரு வருஷம் அவளிடம் இருந்தது. இரண்டாயிரத்துப் பதினெட்டு மழைக்காலத்தில் ஒருநாள் காலை படுத்தது எழுந்திருக்கவில்லை. சுபிதா அப்போது மாற்றலில் அந்தமானின் லாங் ஐலண்டில் இருந்தாள். போனில், "வயசாச்சும்மா, வலி இருக்காது. பக்கத்துல இருங்க," என்றாள். மத்தியானம் உயிர் பிரிந்தது. செய்தி எப்படிப் போயிற்றோ, தோல் எடுக்கிற ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து படலுக்கு வெளியே நின்றார். ஒச்சம்மா பார்த்த பார்வையில் வந்த வழியே போய்விட்டார்.

மழை ஈரத்தில் மண் மிருதுவாக இருந்தது. நல்லதம்பிக்கு எண்பது தாண்டியிருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பலாமரத்தடியில் தோண்ட ஆரம்பித்தார். "நீங்க ஒக்காருங்க," என்றாள். அவர் கேட்கவில்லை. இருவரும் ஹர்பஜனும் அவள் பேரனுமாகப் பொழுது சாயும்வரை தோண்டினார்கள். இழுத்து உள்ளே இறக்கி மண் தள்ளினார்கள். மற்ற மாடுகள் தள்ளி நின்று பார்த்தன.

எல்லாம் முடிந்து நல்லதம்பி கை கால் கழுவினார். சட்டையைப் போட்டுக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார்.

"எங்குட்டுப் போறீக?"

"கடைக்கு. ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

"பால் டீயா?"

அவர் திரும்பிப் பார்க்காமல் தலையாட்டினார்.

"இவ்வளவு நேரம் யாரப் புதச்சீக?" என்று ஒச்சம்மா கத்தினாள். "கையில மண்ணு காயலயே, அதுக்குள்ள பாலா?"

நல்லதம்பி சாலையில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரவில்லை. கடைக்குத்தான் போனார். ஒச்சம்மா அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, புல்லுக்கட்டை அவிழ்த்து மாடுகளுக்குப் போடப் போனாள்.